சைரன் கூப்பிட்ட பக்கம்

1. ஆறு எங்கே?

வேலைக்குப் போன முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வியே, "ஆறு எங்கே?" என்பதுதான். டிரைவர் முனிரத்னம் ஜீப் கதவில் சாய்ந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஆத்துலதான நின்னுக்கினு கீறீங்க."

குனிந்து பார்த்தேன். மணல். மணலில் டிராக்டர் போன தடம். கொஞ்சம் எருக்கஞ்செடி. நட்ட நடுவில் ஸ்டம்புக்காக மூன்று குச்சி நட்டு வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளாடு வந்து அந்தக் குச்சியில் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது. இந்த ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊருக்கு முன்கூட்டியே சொல்வதற்கு நாங்கள் மெஷின் வைக்கப் போகிறோம்.

என் பெயர் எஸ்தர். பிறந்தது, வளர்ந்தது, இப்போது ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருப்பது எல்லாம் சித்தூரில். இன்ஸ்ட்ரூமென்டேஷன் டிப்ளமோ படித்துவிட்டு ரொம்ப காலம் ஃபேக்டரிகளில் பிரஷர் கேஜ், ஃப்ளோ மீட்டர் என்று நோண்டிக்கொண்டிருந்தேன். வேலையின் கடைசி வருடங்களில்தான் இந்த வெள்ள எச்சரிக்கை கம்பெனியில் சேர்ந்தேன். திருப்பதியில் சைட் ஆபீஸ். ஆற்றிலும் ஏரியிலும் சென்சார் வைப்பது, ஊரில் சைரன் வைப்பது, இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறதா என்று பார்ப்பது, இதுதான் தொழில். இப்போது அந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் அடிக்கடி எனக்கு போன் செய்து, "மேடம், கம்பத்தை எங்க நடணும்?" என்று கேட்கிறார்கள். டிராயிங்கில் பார் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம். மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜில்லா வறண்ட ஜில்லா. இங்கே போய் "வெள்ளம் வரும், ஜாக்கிரதை" என்று சொன்னால், ஜனங்கள் நம்மை ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோல் ஆசையோடு பார்ப்பார்கள். "எப்ப மேடம் வரும்?" என்பார்கள். பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர், மழைமானி வைக்கப் போன என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, "வெள்ளத்த வுடுங்க, காயி பூ உடுற நேரத்துல மழை வராம இருக்கறதுக்கு எதுனா மெஷின் கீதா?" என்று கேட்டார். ராமகுப்பத்தில் சைரன் டெஸ்ட் பண்ணவே விடவில்லை. பட்டுப்புழு கூடு கட்டுகிற நேரம், சத்தம் கேட்டால் கட்டாமல் நின்றுவிடும் என்று கும்பலாக வந்து வழிமறித்தார்கள். புழுவுக்குக் காது உண்டா என்று நான் கேட்டேன். "உங்குளுக்கு தெரியாது மேடம், அது எல்லாம் கேக்கும்" என்றார்கள். கூடு கட்டி முடியும்வரை காத்திருந்து, பிறகு போய் டெஸ்ட் பண்ணிவிட்டு வந்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்த மணல் ஆற்றின் கதை. ஊர் பெயர் தாழங்கண்ட்ரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளி, தமிழ் பேசுகிற சின்ன ஊர். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். பாலத்தைத் தாண்டினால் வயல், மாந்தோப்பு. ஊருக்குப் பின்னால் ஒரு மேடு, அதன்மேல் பிள்ளையார் கோயில். இவ்வளவுதான் ஊர்.

2. கம்பத்துக்கு வந்த கிராக்கி

எங்கள் டிசைன் எளிமையானது. மேலே ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரேடார் சென்சார். ஏரி நிரம்பி கோடி போனால், அதாவது கலங்கலில் வழிந்தால், அது சிம் கார்டு வழியாக ஊருக்குத் தகவல் அனுப்பும். ஊரில் தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பம். அதில் இன்னொரு சென்சார், சோலார் பேனல், பேட்டரிப் பெட்டி, உச்சியில் சைரன். எல்லாம் ஒரே கம்பத்தில். சைரனுக்குத் தனிக் கம்பம் நட்டால் இன்னொரு ஃபவுண்டேஷன், இன்னொரு பேனல், இன்னொரு பேட்டரி. அந்தச் செலவை மிச்சம் பிடித்த மூளை யாருடையது என்று எனக்குத் தெரியாது. டிராயிங் என் கைக்கு வரும்போதே அதில் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது.

ஊரில் அதற்கு வேறு பிரச்சினை வந்தது. பிரசிடெண்ட் வந்து, "ஊருக்கு வந்த கவர்மென்ட் பொருளு, பிரசிடெண்ட் வூட்டாண்ட கீறதுதான மொற?" என்றார். அவருக்கு ஆகாத கட்சி பால் சொசைட்டி வாசலில் நட வேண்டும் என்றது. இரண்டு நாள் நாங்கள் குழி தோண்ட முடியாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் டிராயிங்கைக் காட்டி, ஆற்றங்கரை என்று எழுதியிருக்கிறது, அரசாங்கத்தின் முத்திரை இருக்கிறது என்றதும் இரண்டு கட்சியும் சமாதானமாயிற்று. தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்கும் கிடைக்கவில்லை என்பதில் இருவருக்கும் திருப்தி.

அந்த இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு போட்டவர் தனம்மா. ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் முதல் வீடு அவருடையது. ஐம்பது வயது தாண்டியவர், வாட்டசாட்டமான ஆள், குரல் அதைவிட வாட்டசாட்டம். இரண்டு எருமை, பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மாமரம். போர் வற்றிப்போய் மரத்தில் பாதி காய்ந்துவிட்டது. ஊரில் பெண்கள் சம்பந்தப்பட்ட எந்தக் காரியமாக இருந்தாலும் அவர் சொல்தான் கடைசிச் சொல். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை எஸ்தரம்மா என்றார்.

நாங்கள் போன இரண்டாம் நாள் அவர் வீட்டுக்கு மருமகள் மஞ்சு வந்தாள். கல்யாணம் முடிந்து முதல் முறையாக வீட்டுக்குள் கால் வைக்கிறாள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆட்டோவில் தெருமுனைக்கு வந்ததுமே, தனம்மாவின் நாத்தனார் ஆர்வக்கோளாறில் ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். தனம்மா போட்ட சத்தத்தில் எருமையே கயிற்றை இழுத்தது.

"ஏய், எங்கடி ஓடுற? ரோட்டுல போறவங்களுக்கா ஆரத்தி எடுக்கற? வூட்டுக்கு வர்றவள வாசப்படியாண்ட நிக்கவெச்சு எடுக்கணும். அவதான் நம்மகிட்ட வரணும், நாம போயி நடு ரோட்டுல நிக்கக் கூடாது. வாடி இங்க!"

நாத்தனார் முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தார். மஞ்சு வாசலில் வந்து நின்றாள். முறையாக ஆரத்தி எடுத்து, தட்டுத் தண்ணீரைத் தெருவில் கொட்டி, எங்கள் குழுவுக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு நடந்தது. "இன்னும் துன்னுங்க, கம்பம் நடுறதுன்னா சும்மாவா" என்று தனம்மா அள்ளி அள்ளி வைத்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அவர் கேட்டார்.

"எஸ்தரம்மா, இத்த வெச்சா தண்ணி வருமா?"

"தண்ணி வராதுக்கா. தண்ணி வந்தா முன்கூட்டியே சொல்லும்."

"சொல்லுமா? வர்றதுக்கு முன்னாடியேவா?"

"அரை மணி நேரம் முன்னாடி சொல்லும்."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே பெருமையாகிவிட்டது.

"அது போதும் தாயி. போன தபா ஆறு வந்தப்ப எங்குளுக்கு தெரியவே இல்ல. நாங்க தட்டு எடுத்துக்கினு எறங்கறதுக்குள்ள வந்து பாதி போயிடுச்சு. எத்தினி வருசம் கழிச்சு கங்கம்மா வர்றா, வாங்கன்னு சொல்ல ஒரு பொம்பள இல்ல. எம்மாம் அவமானம்!"

நான் சிரித்தேன். போய் பேட்டரிப் பெட்டியின் போல்ட்டை முறுக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. டிசைனில் என்ன கோளாறு என்பதை அந்த அம்மா எங்களுக்குப் பாயசத்தோடு சேர்த்துப் பரிமாறியிருந்தார்.

3. ட்ரையல்

கம்பம் நின்றது. காங்கிரீட் காய்ந்தது. சோலார் பேனலில் முதல் வாரமே யாரோ வடகம் காயவைத்திருந்தார்கள். ஏணி போட்டு ஏறி அவ்வளவு உயரத்தில் வடகம் வைத்தவரின் உழைப்பை மதித்து, காய்ந்த பிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

ட்ரையல் நாளில் திருப்பதியிலிருந்து எங்கள் மேனேஜர் வந்தார். தெலுங்குக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் தெலுங்கும் கலந்து ஒரு தனி பாஷை வைத்திருந்தார். கூடவே ஒரு போட்டோகிராபர். பிரசிடெண்ட் தேங்காய் உடைத்தார். ஆகாத கட்சிக்காரர் கம்பத்துக்கு மாலை போட்டார். கம்பத்தின் அடியில் மஞ்சள், குங்குமம். நான் ரிமோட்டில் பட்டனை அழுத்தினேன்.

நல்ல சைரன் அது, குறை சொல்ல முடியாது. ஊர் முழுக்க அதிர்ந்தது. வயலில் இருந்தவர்கள், வீட்டில் இருந்தவர்கள், எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். கம்பத்தைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கை தட்டினார்கள். போட்டோகிராபர் மணலில் படுத்துக்கொண்டெல்லாம் படம் எடுத்தார்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "சூசாவா எஸ்தரம்மா, பாத்தியா? ரெஸ்பான்ஸ் எட்ல உந்தி பாரு! ஒருத்தர் விடாம வந்துட்டாங்க. வேற ஊர்ல சைரன் அடிச்சா நாய் கூட எழுந்திருக்காது."

அன்றைய ரிப்போர்ட்டில் இப்படி எழுதினோம்: சைரன் ஒலித்தவுடன் கிராம மக்கள் அனைவரும் உடனடியாகச் செயல்பட்டனர். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எந்தப் பக்கமாகச் செயல்பட்டார்கள் என்று எழுதுவதற்கு அந்த ஃபார்மட்டில் இடம் இல்லை.

தலைமை ஆபீஸிலிருந்து பாராட்டு வந்தது. அந்தப் போட்டோ ஆபீஸ் காலண்டரிலும் ஏறியது.

4. "தண்ணி வருது!" "அதுக்குத்தான வந்துகீறோம்!"

அடுத்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் புயல் சின்னம். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் மழை விட்டு, மதியம் லேசாக வெயில்கூட அடித்தது. மூன்று நாள் வெயில் இல்லாமல் தாழங்கண்ட்ரிகை பேட்டரி சார்ஜ் இறங்கிக்கொண்டே போவதாக என் போனில் காட்டியது. பார்த்துவிட்டு வரலாம் என்று முனிரத்னத்தோடு கிளம்பினேன்.

ஊருக்குள் நுழைகிறோம், சைரன் அடிக்கிறது.

மேலே ஏரி கோடி போய்விட்டது, சென்சார் பார்த்துவிட்டது, சிம் பேசிவிட்டது, சார்ஜ் குறைந்த பேட்டரியிலும் சைரன் கத்துகிறது. நிஜமான வெள்ளத்தில் என் மெஷின் அடித்த முதல் சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முனிரத்னம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டினார். "ஒர்க் ஆவுது மேடம், ஒர்க் ஆவுது!"

அந்த சந்தோஷம் தெரு திரும்புகிறவரைக்கும்தான். ஜீப்புக்கு எதிரில் ஜனம் வரும், மேட்டுக்குப் போகும் என்று முனிரத்னம் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். எதிரில் யாரும் வரவில்லை. பின்னாலிருந்து வந்தார்கள். எங்களைத் தாண்டி ஆற்றை நோக்கி ஓடினார்கள். பெண்கள் தலையில் பூ வைத்திருந்தார்கள். கையில் தட்டு, தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், வெற்றிலை. ஒருத்தி மடித்த புதுப்புடவையைத் தட்டில் வைத்துக்கொண்டு ஓடினாள். ஆண்கள் தேங்காயோடு பின்னால்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சைரன் சொன்னதை அவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். தண்ணீர் வருகிறது என்றது மெஷின். எங்களுக்கு அது ஆபத்து. வற்றிய போரையும் காய்ந்த மாமரத்தையும் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பிரிந்து போன சொந்தம் வீடு திரும்புகிற சேதி. முன்பெல்லாம் சேதி தாமதமாகத் தெரியும், போவதற்குள் முதல் வேகம் கடந்து போயிருக்கும், கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். இப்போது நாங்கள் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறோம். தப்பி ஓடுவதற்கு என்று கொடுத்தோம். அவர்கள் அதை நேரத்துக்கு வரவேற்கப் போவதற்கு எடுத்துக்கொண்டார்கள். போதாததற்கு, சத்தமும் ஆற்றங்கரையிலிருந்துதான் வருகிறது. வா வா என்று கூப்பிடுகிற மாதிரி.

சரிவில் இறங்கினோம். தரைப்பாலத்தின் மேல் ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பாலத்தில் கணுக்கால் அளவுக்கு மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு நடுவில் நின்று, தொட்டுக் கும்பிட வசதியான இடம் அதுதான். முதல் ஆளாக தனம்மா. அவர் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு மஞ்சு. மஞ்சு மாசமாக இருந்தாள், தூரத்திலிருந்தே வயிறு தெரிந்தது.

நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. என் சைரன் கேட்கவிடவில்லை. ஓடிப்போய் பாலத்தில் ஏறி தனம்மாவின் காதருகில் கத்தினேன்.

"அக்கா, தண்ணி வருது!"

"அதுக்குத்தான வந்துகீறோம்!" என்று அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கத்தினார். "நல்ல நேரத்துக்கு வந்த எஸ்தரம்மா! உன் மெஷினு சொல்லிடுச்சு பாத்தியா? நீயும் பக்கத்துல நில்லு!"

கரையிலிருந்து முனிரத்னம் இரண்டு பாஷையிலும் கத்திக்கொண்டிருந்தார். "மேல வாங்க! பைக்கி ரண்டி! பைக்கி ரண்டி!" அவரையும் சாமி கும்பிட வந்த வெளியூர்க்காரர் என்று நினைத்து ஒருவர் கையில் வெற்றிலை கொடுத்தார்.

நான் கம்பத்துக்கு ஓடினேன். பேட்டரிப் பெட்டியின்மேல் சிவப்பு எழுத்தில் மூன்று பாஷையில் எழுதியிருக்கும், அலாரம் நேரத்தில் திறக்காதே என்று. அந்த ஸ்டிக்கரை ஒட்டியவள் நான்தான். பூட்டைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினேன். சைரன் விக்கி நின்றது.

அமைதியானதும், அதுவரை சைரன் மறைத்துக்கொண்டிருந்த வேறொரு சத்தம் கேட்டது. ஆற்றின் மேல்பக்கம் தூரத்தில், வளைவுக்குப் பின்னாலிருந்து ரயில் வருவதுபோல ஒரு இரைச்சல். வரிசையில் சில பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டொருவர் பின்வாங்கினார்கள். ஆனால் தனம்மா நகரவில்லை. அவர் நகராதவரை மற்றவர்களும் நகர மாட்டார்கள். அந்த ஊரின் பழக்கம் அது.

"கற்பூரம் ஏத்திட்டோம். ஆரத்தி முடிக்காம பாதில திரும்பினா கங்கம்மாக்கு கோவம் வரும். நீ போ, நாங்க முடிச்சுட்டு வர்றோம்."

எனக்குப் பயம். பயத்தைவிடக் கோபம் அதிகம். மஞ்சுவின் வயிற்றைப் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் இன்னும் ஏறியது. வெள்ளத்தின் வேகம், தண்ணீரின் அழுத்தம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒன்றும் என் வாயில் வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"ஏன்க்கா, மஞ்சு வந்த அன்னிக்கு உன் நாத்தனா தட்ட தூக்கிக்கினு தெருமுனைக்கு ஓடுனப்ப என்னா திட்டு திட்டுன? ரோட்டுல போறவங்களுக்கா ஆரத்தின்னு கேட்ட இல்ல? மருமவளுக்கு மட்டும் வாசப்படி, கங்கம்மாக்கு நடு ரோடா? இப்டிதான் ஊருக்கு வர்றவங்கள வழிய மறிச்சு நிறுத்துவியா?"

திட்டத்தான் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் தனம்மாவின் கை தட்டோடு அப்படியே நின்றது. அவர் சொன்ன முறையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாத்தனாரும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தார். "அதான, கேளு" என்கிற மாதிரி அவர் பார்த்த பார்வை எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

தனம்மா என்னிடம் கேட்டார், "ஊருக்கு எது வாசப்படி?"

நான் பிள்ளையார் மேட்டைக் காட்டினேன். "அதோ, படி கட்டி வெச்சுகீறீங்களே."

அவர் ஒரு நொடி மேட்டைப் பார்த்தார். ஒரு நொடி ஆற்றைப் பார்த்தார். பிறகு அந்த வாட்டசாட்டமான குரல் வந்தது.

"ஏ மஞ்சு, தட்ட தூக்குடி! எல்லாரும் மேல ஏறுங்க! கற்பூரம் அணையக் கூடாது, கையால மறைச்சுக்கினு வாங்க!"

பயந்து ஓடுகிற கூட்டத்தில் ஒருவரை ஒருவர் மிதிப்பார்கள். இவர்கள் ஊர்வலமாக, வேகமாக, கற்பூரத்துக்குக் கை மறைத்துக்கொண்டு ஏறினார்கள். கிழவர்களை ஜீப்பில் ஏற்றி முனிரத்னம் இரண்டு நடை அடித்தார். மஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கடைசியாக ஏறினேன்.

பாதிப் படியில் இருக்கும்போது வந்தது. செந்நிறத் தண்ணீர், முன்னால் மரமும் முள்ளும் குப்பையும் தள்ளிக்கொண்டு. நாங்கள் நின்ற பாலம் ஒரு நிமிஷத்தில் தண்ணீருக்குள் மறைந்தது. எங்கள் கம்பம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அப்புறம் சாய்ந்தது. சோலார் பேனல், பேட்டரி, சைரன், நான் ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாம் ஒன்றாகச் சுழன்று போயின. அன்றைக்கு அந்த ஊரிலிருந்து ஆறு கொண்டுபோனது எங்கள் வெள்ள எச்சரிக்கைக் கம்பத்தை மட்டும்தான்.

"ஐயோ, உன் கம்பம் போவுதே எஸ்தரம்மா!" என்று தனம்மா உண்மையான துக்கத்தோடு சொன்னார்.

தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, தனம்மா வீட்டுத் திண்ணையைத் தொட்டு, பிள்ளையார் கோயிலின் அடிப்படிக்கு வந்து நின்றது. அதற்குமேல் வரவில்லை. தனம்மா படியில் இறங்கி, ஆரத்தி எடுத்து, புதுப்புடவையை அங்கேயே தண்ணீரில் விட்டார். திரும்பி நாத்தனாரைப் பார்த்து, "பாத்தியா, வாசப்படிக்கு அவளே வந்துட்டா" என்றார். ஏதோ இதெல்லாம் அவரே போட்ட திட்டம் மாதிரி.

நான் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். முனிரத்னம் கையில் இருந்த வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

5. அப்புறம் வந்த மெமோ

ஒரு வாரம் கழித்து எனக்கு மெமோ வந்தது. அலாரம் ஒலித்துக்கொண்டிருந்தபோது பேட்டரிப் பெட்டி திறக்கப்பட்டதாக சர்வரில் பதிவாகியிருக்கிறது, விதிமீறல், விளக்கம் தருக. கம்பமே ஆற்றோடு போய்விட்டது, ஆனால் போவதற்கு முன் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. அந்தத் தரத்தில் இருந்தது எங்கள் டேட்டா லாகர்.

மேனேஜரிடம் நேரில் போனேன். புதுக் கம்பத்தை ஆற்றங்கரையில் நடக் கூடாது, சென்சார் மட்டும் அங்கே இருக்கட்டும், சைரனைப் பிள்ளையார் மேட்டில் வைக்க வேண்டும் என்றேன்.

"டிராயிங்ல ரிவர் பேங்க்னு உந்தி கதா, இருக்கே?"

"சார், சத்தம் எங்கிருந்து வருதோ அங்கதான் ஜனம் போவுது. ட்ரையல்லயே அப்படித்தான் வந்தாங்க. நாமதான் போட்டோ எடுத்தோம்."

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கம்பத்தைச் சுற்றி ஊரே சிரித்துக்கொண்டு நின்றது. நல்ல மனுஷன், முகம் மாறிவிட்டது.

"இத நான் அப்படியே எழுதினா ஹெட் ஆபீஸ்ல ஒப்புக்கோரு, ஒத்துக்க மாட்டாங்க எஸ்தரம்மா. ஜனங்க ஆரத்தி எடுக்கறதுக்கு வசதியா சைரன மாத்தணும்னு எப்படி எழுதறது?"

கடைசியில் மேட்டின்மேல் செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று எழுதினார். மறு வாரமே அப்ரூவல் வந்தது. மெமோவுக்கும் அவரே பதில் தயாரித்தார். பேட்டரிப் பெட்டியைப் பாதுகாப்பு கருதித் திறந்தேன் என்று. அதுவும் உண்மைதான்.

சைரன் மேட்டில் ஏறியது. பேனலில் வடகமும் கூடவே ஏறியது. ஒவ்வொரு ஞாயிறும் சித்தூர் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற நான், கங்கம்மாவுக்கு ஆரத்தி எடுக்க இடம் பார்த்துக் கொடுத்தேன். எங்கள் சர்ச் ஐயரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "நோவா பேழைக்கு ஆள் ஏத்தறதுக்கு நீ இருந்திருக்கணும்" என்றார்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தண்ணீர் எங்கே வரும் என்று மேப் சொல்லும், சென்சார் சொல்லும். சத்தம் கேட்டால் ஜனங்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதை அந்த ஊரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால்தான் தெரியும். அவர்கள் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே சைரனை வையுங்கள். சாப்பிடும்போது அவர்கள் பேசுவதையும் காது கொடுத்துக் கேளுங்கள். டிராயிங்கோடு ஒத்துவரவில்லை என்றால் சிக்னல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ரிட்டயர் ஆன பிறகு வந்த மழையில் ஒரு நாள் போன் வந்தது. அந்தப் பக்கம் சைரன் சத்தம், ஜனங்கள் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை. எல்லாவற்றையும் மீறி தனம்மாவின் குரல்.

"எஸ்தரம்மா, உன் மெஷினு கூப்புட்டுடுச்சு. ஊரே மேல வந்துட்டோம், ஒருத்தர் பாக்கி இல்ல. மஞ்சு புள்ளய இடுப்புல வெச்சுக்கினு தட்டோட நிக்கறா. கங்கம்மாதான் இன்னும் வர்ல."

"வருவா அக்கா. அங்கேயே இருங்க."

"நாங்க ஏன் போறோம்? அவதான வரணும்."

அன்று சாயந்திரம் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பையன் சந்தோஷமாக போன் செய்தான். தாழங்கண்ட்ரிகையில் தண்ணீர் வருவதற்கு முன்பே வெளியேற்றம் முழுமையாக முடிந்துவிட்டதாம், ஜில்லாவிலேயே முதல் இடமாம். வாழ்த்துகள் என்றேன். அந்த ஊரில் யாரும் வெள்ளத்துக்குப் பயந்து வெளியேறவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை. அவர்கள் செய்தது வெளியேற்றம் என்று அந்த ஊருக்கும் இதுவரை யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து நீங்களும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.